பனியன் துணி ஏன் இழுத்த இழுப்புக்கு வருகிறது?

காவேரிப்பட்டணத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு தங்கச்சி இப்படிக் கேட்டிருந்தார்: "பன்னிரண்டு வருஷமாக ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறேன். ஊர்க் கபடி டீமுக்கு 40 டி-ஷர்ட் ஆர்டர் வந்தது. கிலோ கணக்கில் காட்டன் பனியன் துணி வாங்கி, என் பழைய மெஷினிலேயே தைத்துக் கொடுத்தேன். இரண்டு துவைப்புக்குள் கழுத்து தொளதொளவென்று ஆகிவிட்டது. பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டது. தையல் ஓரமாகச் சின்னச் சின்ன ஓட்டை. துணி மட்டமா, என் தையல் மட்டமா? இந்தத் துணியை எப்படித்தான் செய்கிறார்கள்?"

இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது, தங்கச்சி. கழுத்தும் ஓட்டையும் தையலில் வந்தவை. திரும்பிக்கொண்டது துணியிலேயே இருந்த குணம். ஆனால் கடைசியில் நீங்கள் கேட்ட கேள்வி இருக்கிறதே, எப்படிச் செய்கிறார்கள் என்று, அதைப் பார்த்துவிட்டால் மற்ற மூன்றுக்கும் பதில் தானாக வந்துவிடும்.

எனக்கு அரூர்ப் பக்கம். எங்கள் ஊரில் பல வீடுகளில் ஒருவராவது திருப்பூருக்குப் போய்விட்டு வந்தவராக இருப்பார். நானும் 14 வருஷம் அங்கே இருந்தேன். நிட்டிங்கில், அதாவது துணி பின்னும் பிரிவில், ஹெல்பராகச் சேர்ந்து, மெஷின் ஓட்டி, அப்புறம் கட்டிங்குக்கு மாறினேன். இப்போது தர்மபுரியில் நாலு மெஷின் போட்டுச் சின்னதாக ஒரு யூனிட் நடத்துகிறேன்.

அரிசி மூட்டையின் வாயை மெஷினில் தைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். சரியான பக்கத்து முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று மொத்தத் தையலும் பிரிந்து கைக்கு வந்துவிடும். தவறான பக்கம் இழுத்தால் அசையாது, கடைசியில் பல்லால் கடிக்க வேண்டியதுதான். ஏன் அப்படி? அந்தத் தையலில் முடிச்சே கிடையாது. ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி, அதற்குள் அதற்கடுத்தது என்று நூல் வளைந்து வளைந்து போயிருக்கிறது. ஒவ்வொன்றையும் அடுத்தது பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த மாதிரிச் சங்கிலிகளை ஆயிரக்கணக்கில் பக்கம் பக்கமாக வைத்து, பக்கத்துச் சங்கிலியோடும் சேர்த்துப் பின்னிவிட்டால் அதுதான் பனியன் துணி.

நீங்கள் பழகிய ஜாக்கெட் துணி வேறு ஜாதி. அதில் பாவு நூல் நீளவாக்கில் விறைப்பாக நிற்கும், ஊடை நூல் குறுக்கே மேலும் கீழுமாகப் போகும். கயிற்றுக் கட்டில் மாதிரி. இழுத்தால் வராது, குறுக்குச் சாய்வாக இழுத்தால் மட்டும் கொஞ்சம் வரும். பனியன் துணியில் நேராக நிற்கும் நூல் என்று ஒன்றுமே இல்லை, எல்லாம் வளைவு. அகலவாக்கில் இழுத்தால் கண்ணி படுத்து அகலமாகிறது, நீளவாக்கில் இழுத்தால் நிமிர்ந்து ஒல்லியாகிறது. நூல் நீளுவதில்லை, கண்ணிதான் உருமாறுகிறது. விட்டுவிட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும், முழுசாகத் திரும்பாது. இந்த ஒரு குணத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் மிச்சத் துண்டு இருந்தால் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல பக்கத்தில் மேலிருந்து கீழாகச் சின்னச் சின்னச் சடை பின்னினது மாதிரி வரிசை வரிசையாகத் தெரியும். பின்பக்கத்தில் சடை தெரியாது, பிறை பிறையாகக் குறுக்கு வரிகள் இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்று போலத் தெரிந்து குழம்பினால், குறுக்கே வெட்டிய ஓரத்தை இரண்டு கையாலும் இழுங்கள். அது நல்ல பக்கத்தை நோக்கிச் சுருளும். திருப்பூரில் எனக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த பாடம் இது, இன்றைக்கும் அதைத்தான் செய்கிறேன்.

இனி மெஷின். சாதாரண டி-ஷர்ட் துணி ஓட்டுவது வட்டப் பின்னல் மெஷின். நடுவில் அண்டா மாதிரி ஓர் உருளை, அதன் சுவரைச் சுற்றிலும் செங்குத்தாகக் காடி வெட்டி, காடிக்கு ஓர் ஊசி. 30 இன்ச் 24 கேஜ் என்றால் உருளையின் விட்டம் 30 இன்ச், சுற்றளவில் இன்ச்சுக்கு 24 ஊசி என்று அர்த்தம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 2,260 ஊசி வரும்.

அந்த ஊசியை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். தையல் ஊசி மாதிரி காது கிடையாது. தலையில் கொக்கி, கொக்கிக்குக் கீழே தாழ்ப்பாள் மாதிரி ஆடும் ஒரு குட்டி நாக்கு. ஊசி மேலே ஏறும்போது, கொக்கியில் ஏற்கெனவே இருக்கும் கண்ணி வழுக்கி, நாக்கைத் திறந்துகொண்டு அதற்குக் கீழே போய்விடும். அந்த நேரம் பார்த்துப் புது நூல் கொக்கியில் வந்து விழும். ஊசி கீழே இறங்கும்போது பழைய கண்ணியே நாக்கைத் தள்ளி மூடிவிட்டு, தலைக்கு மேலாகக் கழன்று போகும். புது நூல் பழைய கண்ணிக்குள் நுழைந்து புதுக் கண்ணியாகிவிடும். ஏறுவது, வாங்குவது, மூடுவது, கழற்றுவது, இவ்வளவுதான் அதன் வேலை. இங்கிலாந்தில் மாத்யூ டவுன்சென்ட் என்பவர் 1849-இல் காப்புரிமை வாங்கிய ஊசி இது. இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை.

அதற்கும் முன்னால், 1589-இல் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் மெஷினைச் செய்தார். எலிசபெத் ராணி அதற்குக் காப்புரிமை தர மறுத்துவிட்டார் என்பது வரலாறு. முதல் மெஷின் காலுறைக்கு வந்ததால் இந்தத் தொழிலுக்கே காலுறைக்கான ஆங்கிலப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதுதான் ஹோசியரி. பஸ் ஸ்டாண்டு பக்கம் 'ஹோசியரி' என்று போர்டு மாட்டி ஜட்டி பனியன் விற்கிறார்களே, அந்த வார்த்தைக்கு வேர் அங்கே இருக்கிறது.

சரி, மெஷினுக்கு வருவோம். 30 இன்ச் மெஷினில் 90 இடத்தில் நூல் ஊட்டுவார்கள். ஒரு சுற்றுச் சுற்றினால் 90 வரி ஏறிவிடும். நிமிஷத்துக்கு 25 சுற்று என்று வைத்தால் 2,250 வரி. 2,260 ஊசியோடு பெருக்கினால் நிமிஷத்துக்கு 50 லட்சம் கண்ணிக்கு மேல்! துணி குழாயாகக் கீழே இறங்கி, தானாக அடியில் இருக்கும் தண்டில் சுற்றிக்கொள்ளும். நம் கண்ணுக்கு அது மெதுவாகத்தான் தெரியும்.

நான் மெஷின் பார்க்க ஆரம்பித்த புதிதில் ஒரு ராத்திரி ஷிஃப்டில் ஓர் ஊசியின் நாக்கு ஒடிந்துவிட்டது. தூக்கக் கலக்கம், கவனிக்கவில்லை. அந்த ஓர் ஊசி இருந்த இடத்தில் மேலிருந்து கீழ் வரைக்கும் மெல்லிசாக ஒரு கோடு. இருபது கிலோ ரோல் முழுக்க. காலையில் விளக்குப் போட்ட மேஜையில் துணியை ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வாங்கின திட்டு இன்னும் காதில் இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மாதிரி ரோலெல்லாம் குப்பைக்குப் போவதில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று விலை குறைந்து ஏதாவது ஒரு கடைக்கு வந்து சேரும். பர்கூர்த் துணிக் கடைகளில் வாங்கினாலும் சரி, வேறெங்கே வாங்கினாலும் சரி, விலை ரொம்பக் குறைவாக இருந்தால் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனி உங்கள் பிரச்சினைக்கு வரலாம். முதலில் பக்கத் தையல் திரும்பியது. இதற்கு முக்கியக் காரணம் நூலின் முறுக்கு. பஞ்சு நூலை ஒரே பக்கமாக முறுக்கித்தான் நூற்கிறார்கள். துணியாகப் பின்னும்போது அந்த முறுக்கு அடங்கி உட்கார்ந்திருக்கும், தண்ணீரில் போட்டதும் உயிர் வந்துவிடும். ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் சாயும். ஒரு கண்ணி சாய்ந்தால் தெரியாது. அத்தனை லட்சமும் ஒரே பக்கம் சாய்ந்தால் சட்டையே திரும்பத்தானே செய்யும்? கூடவே இன்னொன்று. ஒரு சுற்றுக்கு 90 வரி ஏறுவதால் வரிகள் நேர்க் குறுக்காக இருப்பதில்லை, திருகாணி மரை மாதிரி ஏறிக்கொண்டே போகும். இன்ச்சுக்கு 40 வரி என்றால் ஒரு சுற்று முடிவதற்குள் இரண்டேகால் இன்ச் ஏறியிருக்கும். குறுக்குக் கோடு போட்ட மலிவு டி-ஷர்ட்டில் இரண்டு பக்கக் கோடும் தையலில் சேராமல் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள்.

நல்ல மில்லில் இதைச் சரிக்கட்டிவிடுவார்கள். குழாயை வெட்டித் திறந்து, சூட்டில் விரித்து, வரிகளை நேர்ப்படுத்துவார்கள். இரண்டு இழை சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கிய நூலில் பின்னினாலும் சாய்வது குறையும். செலவு கூடும், அதனால் எல்லாரும் செய்வதில்லை. இந்தக் குணத்தைத் தைத்த பிறகு மாற்ற வழியில்லை. வெட்டுவதற்கு முன்னால் கண்டுபிடிக்கலாம். அரை மீட்டர் துணியில் மார்க்கர் பேனாவால் 40 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வரையுங்கள். துவைத்து, கசக்கிப் பிழியாமல், படுக்கப் போட்டுக் காய வையுங்கள். சதுரம் சாய்சதுரமாகிவிட்டால் அந்தத் துணி திரும்பும். சதுரம் எவ்வளவு சுருங்கியது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். 40-க்கு 38 ஆனால் நூற்றுக்கு 5. அது வரைக்கும் பரவாயில்லை, அதற்கு மேல் போனால் அளவில் சேர்த்து வெட்டுங்கள்.

சுருங்குவதற்கும் காரணம் கண்ணிதான். சாயப்பட்டறையில் துணியைக் கயிறு மாதிரித் திரித்து ஈரத்தோடு ஓட்டுவார்கள். நீளவாக்கிலேயே இழுபட்டு இழுபட்டுக் கண்ணியெல்லாம் நிமிர்ந்து ஒல்லியாகிவிடும். உங்கள் வீட்டு வாளித் தண்ணீரில் அது 'அப்பாடா' என்று பழையபடி உட்காரும், நீளம் குறையும். சாயம் போட்டபின் காம்பாக்டிங் என்று ஒரு வேலை உண்டு, நீளவாக்கில் தள்ளி அமுக்கி அந்த இழுப்பை முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள். விலை குறைந்த துணியில் முதலில் மிச்சம் பிடிப்பது இதில்தான். அந்த வேலை செய்யாத துணி கிடைத்தால், முதலிலேயே மொத்தத் துணியையும் நனைத்துக் காயவைத்துவிட்டு வெட்டுங்கள். அதற்கும் நேரமில்லை என்றால், ரோலைப் பிரித்து ஒரு ராத்திரியாவது விரித்துப் போட்டுவிடுங்கள். ரோலில் இறுகிக் கிடந்த துணியை உடனே அளந்து வெட்டினால், அளந்ததும் வெட்டினதும் வேறு வேறாகத்தான் இருக்கும்.

அடுத்தது ஓட்டை. உங்கள் மெஷினில் இருக்கும் ஊசிக்குக் கூர் நுனி. நெய்த துணிக்கு அது சரி. பனியன் துணியில் கூர் நுனி கண்ணியின் நடுவில் போகாமல் நூலையே குத்தி அறுத்துவிடும். ஒரு கண்ணி அறுந்தால் அதை நம்பியிருந்த அடுத்த கண்ணி நழுவும், அப்புறம் அதற்கடுத்தது. சடை ஒன்று மேலிருந்து கீழாக ஏணி மாதிரி விட்டுக்கொண்டே போகும். தைத்த அன்றைக்குத் தெரியாது, துவைத்ததும் வாய் திறக்கும். பால் பாயிண்ட் ஊசி என்று கேட்டு வாங்குங்கள். நுனி மொட்டையாக இருக்கும், நூலை ஒதுக்கிவிட்டு இடுக்கில் இறங்கும். மெல்லிய துணிக்கு 11-ஆம் நம்பர், கனத்துக்கு 14. தையல் விட்டு விட்டு விழுவதும் இதில் பெரும்பாலும் நின்றுவிடும். துணியை அமுக்கிப் பிடிக்கும் மெஷின் காலின் அழுத்தத்தையும் கொஞ்சம் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் தைக்கும்போதே துணி நீண்டு ஓரம் அலை அலையாக வரும். நூல் பாலியஸ்டர் நூலாக இருக்கட்டும்.

நேர்த் தையல் இந்தத் துணிக்கு ஆகாது. துணி இழுபடும், தையல் இழுபடாது. போடும்போது 'படக்' என்று அறும். ஃபேக்டரியில் பக்கத் தையலுக்கு ஓரத்தைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக், கைமடிப்புக்கும் கீழ்மடிப்புக்கும் தட்டையாகப் படியும் பேட்லாக் (ஃப்ளாட்லாக்). அந்தத் தையல்களே கண்ணி கண்ணியாகப் போவதால் துணியோடு சேர்ந்து நீளும். உங்கள் மெஷினில் ஜிக்ஜாக் இருந்தால் குறுகிய ஜிக்ஜாக்கில் சமாளிக்கலாம். இந்த வேலை தொடர்ந்து வரும் என்று தோன்றினால் ஒரு பழைய ஓவர்லாக் மெஷின் வாங்கிப்போடுங்கள். ஜாக்கெட் ஓரத்துக்கும் உதவும்.

கழுத்து. இதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. உடம்புக்கு வெட்டிய அதே துணியில், கழுத்துச் சுற்றளவு எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்குப் பட்டி வெட்டி வைத்திருப்பீர்கள். உடம்புத் துணி சிங்கிள் ஜெர்சி, ஒரு வரிசை ஊசியில் பின்னியது. அகலவாக்கில் இழுத்தால் முழுசாகத் திரும்பி வராது. கழுத்துக்கு வேண்டியது ரிப். அதை இரண்டு வரிசை ஊசி எதிரெதிராக நின்று பின்னும். ஒரு சடை இந்தப் பக்கம் பார்த்தால் அடுத்த சடை அந்தப் பக்கம் பார்க்கும், நடுவில் மடிப்பு மாதிரி குழி. இழுத்தால் அந்தக் குழி விரிந்து கொடுக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். ஓரமும் சுருளாது. ரிப் பட்டியைக் கழுத்துச் சுற்றளவில் ஐந்தில் நாலு பங்குக்கு வெட்டி, தைக்கும்போது பட்டியை மட்டும் இழுத்துக் கொடுங்கள். 50 சென்டிமீட்டர் கழுத்துக்கு 40 சென்டிமீட்டர் பட்டி. தோள்பட்டைத் தையலில் ஒரு நாடாவும் சேர்த்துத் தைத்துவிட்டால் தோள் இறங்காது.

மற்ற வகைகளையும் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். இன்டர்லாக் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழவழப்பு, கனம் அதிகம், சுருளாது. குழந்தைத் துணிக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். காலர் டி-ஷர்ட்டில் தேன்கூடு மாதிரிப் புள்ளி புள்ளியாக வருவது பிக்கே. உள்பக்கம் வளையம் தொங்கினால் லூப்நிட், அதையே சுரண்டிப் பஞ்சுபோல ஆக்கினால் ஃப்ளீஸ், ஓசூர்க் குளிருக்கு ஆகும். லெக்கிங்ஸ் என்பது காட்டனோடு லைக்ரா என்ற இழுபடும் இழையைக் கொஞ்சம் சேர்த்துப் பின்னியது. கொசுவலையும் பின்னலில் சேர்ந்ததுதான் என்றால் பலர் நம்புவதில்லை. கரூரில் கொசுவலைக்கு ஓடுவது பாவு நூலையே பின்னும் மெஷின், அது தனிக் கதை.

கபடிக்கு நானாக இருந்தால் காட்டன் எடுத்திருக்க மாட்டேன். டாட் நிட் என்று பாலியஸ்டரில் வருகிறது. அந்த இழையில் நூற்ற முறுக்கு இல்லாததால் அவ்வளவாகத் திரும்பாது, சுருங்காது, வியர்வை சீக்கிரம் காயும். நம் ஊர் வெயிலில் உடம்போடு ஒட்டிக்கொண்டு எரிச்சலூட்டும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் பொய்யில்லை. தினசரி உடுப்புக்குக் காட்டன்தான்.

வாங்கும்போது நூல் நம்பரையும் ஜிஎஸ்எம்மையும் கேளுங்கள். 30-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டம் (நூல் கட்டு) 30 இருக்கும். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு. அந்த நூலில் பின்னிய 150 கிராம் டி-ஷர்ட் ஒன்றைப் பிரித்து நீட்டினால் ஏழரை கிலோமீட்டர் வரும். காவேரிப்பட்டணத்தில் ஒரு முனையைக் கட்டிவிட்டுக் கிருஷ்ணகிரி ரோட்டில் பாதிக்கு மேல் போய்விடலாம்! ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. 10-க்கு 10 சென்டிமீட்டர் துண்டு வெட்டி நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றில் நிறுத்துப் பாருங்கள். 1.8 கிராம் வந்தால் 180 ஜிஎஸ்எம். துணியின் அகலம் 180 சென்டிமீட்டர் என்றால் ஒரு மீட்டர் 324 கிராம், அதாவது கிலோவுக்கு மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கிலோ விலையை வைத்துக்கொண்டு ஒரு சட்டைக்கு என்ன அடக்கம் என்று இனி நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

ஏற்கெனவே கொடுத்த 40-க்கு என்ன செய்வது? திரும்பினது திரும்பினதுதான், அதை விட்டுவிடுங்கள். ஓட்டை ஏணியாக விடுவதற்கு முன்னால் பின்பக்கமிருந்து மெல்லிய நூலில் அந்தக் கண்ணியைப் பிடித்துக் கட்டி, மேலே ஓவர்லாக் ஓட்டிவிடலாம். கழுத்தை முழுசாக மாற்றிவிடலாம். 40 சென்டிமீட்டர் நீளம், 6 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டி ஐந்து, ஐந்தரை கிராம்தான் வரும். 40 சட்டைக்கும் சேர்த்துக் கால் கிலோ ரிப் தாராளம். ஆனால் தொளதொளத்த கழுத்தை அப்படியே அளந்து ஐந்தில் நாலு போடாதீர்கள். முதலில் நனைத்துக் காயவைத்து, கண்ணி அடங்கின பிறகு அளந்து வெட்டுங்கள். முதல் ஒன்றைத் தைத்ததும், டீமிலேயே தலை பெரிய பையன் யாரோ அவனைக் கூப்பிட்டு நுழைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு மிச்சம் 39-ஐத் தொடங்குங்கள்.